லோரியானோவும் இரண்டாம் மாடல் துப்பாக்கியும்

லோரியானோ என் தங்கை வில்மாவைக் கட்டியவன். நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், அதனால் மரியாதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எங்கள் பொஜ்ஜோ நேரோ கிராமத்தில் யாரைக் கேட்டாலும் அவனைப் பற்றிச் சொல்வார்கள்: பள்ளிக்கூட பஸ்ஸை அந்த மலைப் பாதையில் ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவன். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, ஹாரன் அடித்து, எட்டிப் பார்த்து, பிறகுதான் திருப்புவான். பஸ்ஸை விட நடந்து போனால் சீக்கிரம் போகலாம் என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். அவன் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டான்.

அவனிடம் இன்னொரு குணமும் உண்டு. தான் வாங்கிய பொருள் மோசம் என்று செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டான். வில்மாவுக்கு ஒரு துணி துவைக்கும் மெஷின் வாங்கித் தந்தான். அது வேகமாகச் சுற்ற ஆரம்பித்தால் சமையலறையிலிருந்து நடந்து வாசல் வரைக்கும் வந்துவிடும். இவன் என்ன செய்தான் தெரியுமா? அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பேப்பர் படிப்பான். நான் குழாய் வேலை செய்கிறவன், ஒரு பார்வையில் எனக்குத் தெரியும் அது தண்டம் என்று. சொன்னேன். "மெஷின் நல்ல மெஷின் மாப்ள, தரைதான் சரியில்ல" என்றான். தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்படிப்பட்டவன்தான் அந்தத் துப்பாக்கியையும் வாங்கினான்.

இத்தாலியில் எங்கள் மரேம்மா பக்கம் காட்டுப்பன்றி வேட்டை தனியாகச் செய்கிற காரியம் இல்லை. குழுவாகப் போக வேண்டும். நாய்க்காரர்கள் கீழே புதருக்குள் நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். மற்றவர்கள் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு மேட்டில் ஆளுக்கொரு நிலையில் நிற்க வேண்டும். வேட்டை முடிந்தது என்று இரண்டாவது கொம்பு ஊதும் வரை ஒன்றுக்குப் போகக்கூட நிலையை விட்டு நகரக் கூடாது. எங்கள் காட்டில் ஓடை மேலே ஏறி இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கழுத்து என்று பெயர். துரத்தப்பட்ட பன்றிகளில் பாதி அந்த வழியாகத்தான் வரும். கழுத்தில் நிற்பவன் விட்டுவிட்டால் பன்றி அடுத்த குழுவின் காட்டுக்குள் போய்விடும், நாய்கள் பின்னாலேயே போய் எங்கேயோ அடிபட்டுக் கிடக்கும். அதனால் கழுத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிட மாட்டார்கள். எங்கள் வேட்டைத் தலைவர் அசுவேரோ அண்ணன் அதை லோரியானோவுக்குக் கொடுத்தபோது அவன் அன்றைக்கு இரவு சாப்பிடவே இல்லை என்று வில்மா சொன்னாள். சந்தோஷத்தில் வயிறு அடைத்துவிட்டதாம்.

கழுத்துக்கு வேகமான துப்பாக்கி வேண்டும் என்று இவனாகவே முடிவு செய்து, புதிதாக வந்திருந்த ஒரு செமி ஆட்டோமேட்டிக்கை முதல் ஆளாகப் போய் வாங்கினான். ஒருமுறை சுட்டால் காலிக் கூட்டைத் தானே வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும், விசையை மறுபடி இழுத்தால் போதும் என்று கம்பெனிக்காரன் சொன்னான். இழுத்தால் போதும்தான். ஆனால் அந்தக் காலிக் கூடு பாதி வழியில் வந்து, கதவிடுக்கில் மாட்டிய விரல் மாதிரி சிக்கிக்கொண்டு நிற்கும். எப்போது சிக்கும் என்று அதைச் செய்தவனுக்கும் தெரியாது. குளிர்ந்தால் சிக்கும், ஈரம் பட்டால் சிக்கும், ஒரு காரணமும் இல்லாமலும் சிக்கும். கழுத்திலிருந்து ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டு அதற்கப்புறம் மௌனமாக இருந்தால், மலையிலிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். யாராவது வயர்லெஸ்ஸில் கிண்டலாக இருமுவார்கள்.

லோரியானோ ஒத்துக்கொண்டானா? இல்லை. தோட்டா சரியில்லை என்றான், எண்ணெய் சரியில்லை என்றான், துப்பாக்கிக்குக் கொஞ்சம் பிடிவாத குணம் என்றான். அதோடு ஒரு வழியும் கண்டுபிடித்தான். ஒவ்வொரு முறை சுட்டதும், சிக்கினாலும் சிக்காவிட்டாலும், வலது கையை எடுத்துத் துப்பாக்கியின் பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஒரு இழு இழுப்பான். சிக்கியிருந்தால் கூடு தெறிக்கும். பிறகு அடுத்ததைச் சுடுவான். செமி ஆட்டோமேட்டிக்கை வாங்கிவிட்டு அதைப் பழைய நாட்டுத் துப்பாக்கி மாதிரி சுடுகிற ஒரே ஆள் இத்தாலியில் இவனாகத்தான் இருப்பான்.

போன பருவத்தில் அப்படியும் பன்றிகள் தப்பின. அதில் ஒன்று திரும்பி நின்று அசுவேரோ அண்ணனின் கிழட்டு நாயின் வயிற்றைக் கிழித்துவிட்டது. நாய் பிழைத்தது, ஆனால் பருவம் முடிந்த விருந்தில், அத்தனை பேரும் பன்றிக் குழம்பும் பொலெந்தா என்கிற மக்காச்சோளக் களியுமாக உட்கார்ந்திருக்கும்போது, அசுவேரோ அண்ணன் எழுந்து சொல்லிவிட்டார். அடுத்த பருவத்தில் லோரியானோவின் துப்பாக்கியைத் தாண்டி ஒரு பன்றி போனாலும் கழுத்து மொரேனோவுக்கு. மொரேனோ ஒயின் ஆலையில் வேலை செய்கிறவன், நாற்பது வயது இருக்கும், நன்றாகச் சுடுவான். மூன்று நாய்கள் வைத்திருந்தான். அவற்றை நாய்க்காரர்களிடம் விட்டுவிட்டு, இவன் கீழே ரோட்டோர நிலையில் நிற்பான். அங்கே பன்றி வருவதைவிட பால் வண்டி வருவது அதிகம். அவன் கண் கழுத்தின் மேலேயே இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

விருந்து முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் லோரியானோ என்னிடம் கேட்டான், கழுத்து போய்விட்டால் அப்புறம் குழுவுக்கு எதற்கு வர வேண்டும் என்று. கோழி வளர்க்கலாமே என்றேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவனுக்கு இது விளையாட்டு இல்லை என்று.

கோடையில் அதே கம்பெனி இரண்டாம் மாடலை விட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்தக் கம்பெனியின் பெயரைக் கேட்டாலே காறித் துப்புவான். இவன் பழையதைக் கொடுத்துவிட்டு அதையே வாங்கி வந்தான். "அவங்களே திருத்திட்டாங்கன்னா, அவங்களுக்கும் குறை தெரிஞ்சிருக்கு, நேர்மையான ஆளுங்க" என்றான். முதல் மாடலில் குறை இருந்தது என்று அவன் வாயால் வந்தது அன்றைக்குத்தான். வில்மா காலண்டரில் குறித்து வைக்கிறேன் என்றாள்.

அதற்கப்புறம் எங்களுக்கு நிம்மதி போனது. பாரில் உட்கார்ந்தால் துப்பாக்கி, மாதா கோயில் வாசலில் நின்றால் துப்பாக்கி. கூடு வெளியே வரும் வாய் அகலமாகிவிட்டது. கூட்டைக் கவ்வி இழுக்கிற கொக்கி முன்பு நகக்கண் அளவுக்கு இருந்தது, இப்போது தடியாக, உறுதியாக இருக்கிறது. பாதுகாப்புப் பொத்தான் பெரிதாகிவிட்டது, கையுறை போட்ட விரலுக்கே அகப்படுகிறது. தோளில் இடிப்பது குறைவு. உள்ளே புகை போகும் குழாயைக் கழற்றித் துடைக்க இப்போது ஒரு கருவியும் வேண்டாம், கையாலேயே கழற்றலாம். காது புளித்துப் போகும் வரை சொன்னான். ஒன்றுக்கு மட்டும் அவனைப் பாராட்ட வேண்டும், குறையையும் சொன்னான். எடை கூடிவிட்டதாம். வார் மாட்டும் வளையம் நடக்கும்போது கீச்சுக் கீச்சென்று கத்துகிறதாம், அதில் மெழுகு தடவினானாம். தோட்டாப் பெட்டியைச் செருகுவதற்கு இன்னும் உள்ளங்கையால் தட்ட வேண்டியிருக்கிறதாம். குளத்தோரக் குழியில் மண் மேட்டைப் பார்த்து ஒரு பெட்டி தோட்டா சுட்டுப் பார்த்தோம். ஒன்றுகூடச் சிக்கவில்லை. நானே எதிர்பார்க்கவில்லை. நல்ல சாமான்தான் என்று சொல்லிவிட்டேன். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான் பைத்தியக்காரன்.

நவம்பர் பிறந்து முதல் வேட்டை. என் நிலை கழுத்துக்கு அடுத்தது, பாறையைச் சுற்றி மேலே, ஒரு கார்க் மரத்தடியில். கழுத்து அங்கிருந்து தெளிவாகத் தெரியும். நாய்கள் கத்திக்கொண்டு வந்தன, ஒரு பெரிய ஆண் பன்றி ஓடையிலிருந்து ஏறியது. லோரியானோ சுட்டான். தப்பியது. அடுத்ததைச் சுடுவான் என்று பார்க்கிறேன், வலது கை தானாகப் போய்க் கைப்பிடியை இழுத்தது. நல்ல தோட்டா ஒன்று, சுடாத தோட்டா, வெளியே தெறித்து இலையில் விழுந்தது. மறுபடி சுட்டான், மறுபடி இழுத்தான், இன்னொரு நல்ல தோட்டா கீழே. ஐந்து தோட்டாவில் மூன்றைச் சுட்டு இரண்டை விதைத்தான். பன்றி அவனைத் தாண்டி என் பக்கம் வந்தது. நான் ஒரே குண்டில் படுக்க வைத்தேன். அதை யாரும் பாராட்டவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் வேட்டைக் குடிசையில் சாப்பாட்டு நேரத்தில் அவனுடைய தோட்டாக்களை யாரோ பொறுக்கி வந்து மேஜையில் வைத்துவிட்டார்கள். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு, குறி தப்பியவன் அன்றைக்குத் தட்டில் சாப்பிடக் கூடாது, வாணலியில்தான் சாப்பிட வேண்டும். கரி பிடித்த பழைய வாணலி. லோரியானோ அதில் சாப்பிட்டான். பக்கத்தில் ஒருவன் இந்தத் தோட்டாக்கள் எப்போது முளைக்கும், அறுவடை எப்போது என்று கேட்டான். வயிறு வலிக்கச் சிரித்தோம், நானும்தான். அசுவேரோ அண்ணன் சிரிக்கவில்லை. பன்றி விழுந்ததால் இது கணக்கில் இல்லை என்றார், ஆனால் அடுத்த முறை காப்பாற்ற மச்சான் இருக்க மாட்டான் என்றார்.

இப்போது துப்பாக்கி சரி, கைதான் கோளாறு. பழைய துப்பாக்கி கற்றுக்கொடுத்த பழக்கத்தைக் கை விட மாட்டேன் என்கிறது. அன்று சாயங்காலமே நான் அவன் வீட்டுக்குப் போனேன். காலித் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு அவன் கார் கொட்டகையில் நிற்க வேண்டும், நான் "டுமீல்" என்று சொல்ல வேண்டும், வலது கை நகர்ந்தால் வில்மாவின் மரக் கரண்டியால் அந்தக் கை மேலேயே ஒரு போடு. அதுதான் ஏற்பாடு. முதல் நாள் அவன் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பள்ளி நாளிலிருந்து பாக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் தீர்த்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்மா எட்டிப் பார்த்து, "ரெண்டு கழுதைங்களையும் ஒரே கொட்டாயில கட்டிட்டாங்க. கரண்டி ஒடஞ்சா குழம்ப நீங்களே கையால கிண்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தினமும் வேலை முடிந்து போய் அடித்தேன். கடைசியில் ஒரு நாள் நான் டுமீல், டுமீல் என்று தொண்டை வறளக் கத்தியும் கை கல் மாதிரி இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இப்பதான் மாப்ள எங்கிட்ட நெசமா செமி ஆட்டோமேட்டிக் இருக்கு" என்றான்.

அடுத்த வேட்டை ஞாயிற்றுக்கிழமை. பனி விலகி வெயில் வந்துவிட்டது. மொரேனோவின் நாய்களில் பிரீனா என்று ஒரு இளம் பெட்டை, மார்பில் வெள்ளைத் திட்டு, அந்தப் பருவத்தில்தான் முதன்முதலாகக் காட்டுக்கு வந்திருந்தது. பயம் என்றால் என்னவென்று தெரியாத வயசு. நாய்கள் சத்தம் ஓடை வழியாக ஏறி வந்தது. முன்னால் பன்றி, பெரிய உருப்படி. லோரியானோ சுட்டான், குண்டு பாறையில் பட்டுக் கல் தெறித்தது. நான் அவன் கையைத்தான் பார்த்தேன். கை நகரவில்லை. அடுத்த தோட்டா தானாக உள்ளே போய் உட்கார்ந்திருக்கும், பன்றி அவனுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நின்றேவிட்டது, குருடன்கூடச் சுட்டுவிடுவான். சுடு, சுடு என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் சுடவில்லை. அந்த நொடியில் பிரீனா புதரிலிருந்து பாய்ந்து பன்றியின் காதைக் கவ்வியிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அந்த வெள்ளைத் திட்டும் கழுத்துப்பட்டையும் தெரிந்தன. லோரியானோ துப்பாக்கியைத் தோளில் வைத்தபடியே, அது விலகுமா விலகுமா என்று கூடவே திரும்பினான். விலகவில்லை. பன்றி நாயையும் இழுத்துக்கொண்டு கழுத்தைக் கடந்து, பாறைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. என் பக்கம்கூட வரவில்லை. அவன் துப்பாக்கியை மெல்ல இறக்கிப் பாதுகாப்புப் பொத்தானைப் போட்டான்.

மலை முழுக்க ஒரு வெடிச் சத்தம், அதற்கப்புறம் மௌனம். வயர்லெஸ்ஸில் முதலில் ஒருவன் இருமினான், பிறகு எல்லோரும்.

குடிசைக்குத் திரும்பியதும் அசுவேரோ அண்ணன் எதுவும் கேட்காமல் கையை நீட்டினார். லோரியானோ துப்பாக்கியைக் கொடுத்தான். அவர் அதை வாங்கி, குடிசைக்குப் பின்னாலிருந்த மண் மேட்டுப் பக்கம் நடந்து போய், மிச்சமிருந்த தோட்டாக்களை வரிசையாகச் சுட்டார். கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன, ஒன்றும் சிக்கவில்லை. திரும்பி வந்து துப்பாக்கியை மேஜை மேல் வைத்தார்.

"துப்பாக்கி நல்லாத்தான்டா இருக்கு. ஏன் சுடல?"

"நாய் இருந்துச்சுண்ணே."

குடிசையே சிரிப்பில் அதிர்ந்தது. உங்களுக்கு இது புரிய வேண்டுமானால் ஒன்று தெரிய வேண்டும். பன்றியைப் பார்த்து உறைந்து போய் நின்றவன், சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தவன், தூங்கிப் போனவன் எல்லோரும் எங்கள் காட்டில் சொல்கிற சாக்கு அது ஒன்றுதான். யாரும் நம்புவதில்லை. நம்புகிற மாதிரி நடிப்பதுகூட இல்லை. அதைச் சொன்னவர்களில் எத்தனை பேரை லோரியானோவே ஓட்டியிருக்கிறான், நாய்க்கு என்ன பேர், யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் கேட்டு. இப்போது அத்தனை பேரும் அதே கேள்வியை அவனிடம் கேட்டார்கள்.

"பிரீனா" என்றான்.

எல்லோரும் மொரேனோவைத் திரும்பிப் பார்த்தார்கள். நாய்களின் கழுத்துப்பட்டையில் இடம் காட்டும் கருவி இருக்கிறது, நாய் எங்கெங்கே ஓடியது என்று அவன் கையிலிருக்கும் பெட்டியில் கோடாகத் தெரியும். மொரேனோ அதை எடுத்துப் பார்த்தான். பார்த்ததை நான் பார்த்தேன், சும்மா ஒரு பார்வை இல்லை, நன்றாகவே பார்த்தான். பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"கழுத்துப் பக்கம் சிக்னல் வர்றதில்ல. எனக்கு ஒண்ணும் தெரியல."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நான் எழுந்து நின்று, இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன், காதைக் கவ்விக்கொண்டிருந்தது என்று கத்தினேன். யாரோ பின்னாலிருந்து, மச்சான் சாட்சிக்கு வந்துவிட்டார், இனி பாதிரியார் மட்டும்தான் பாக்கி என்றான். மறுபடி சிரிப்பு. சண்டைக்கே போயிருப்பேன், லோரியானோ என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான். அவனே எழுந்து போய் வாணலியை எடுத்து வந்தான். முதல் குண்டு தப்பியது தப்பியதுதானே என்றான். அசுவேரோ அண்ணன் அடுத்த ஞாயிறு முதல் கழுத்து மொரேனோவுக்கு என்றார், லோரியானோ ரோட்டோரத்துக்கு.

அந்த வாரம் அவனைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. பஸ்ஸை ஓட்டினான், வளைவில் நிறுத்தினான், ஹாரன் அடித்தான், எல்லாம் வழக்கம் போல. ஆனால் வீட்டில் வாயைத் திறப்பதில்லை என்று வில்மா சொன்னாள். பாரில் எவனோ, இரண்டாம் மாடலும் அதே குப்பைதான் போல என்று சொன்னபோது மட்டும் வாயைத் திறந்தான். துப்பாக்கியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது, தோட்டா உள்ளே தயாராக இருந்தது, விரலை மடக்காதது நான்தான் என்றான். அப்படிச் சொன்னால் தன் பேர் இன்னும் கெடும் என்று அந்த மடையனுக்குத் தெரியாதா? தெரியும். சிக்கிக்கொண்டது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், பரிதாபப்பட்டாவது விட்டிருப்பார்கள்.

வியாழக்கிழமை வில்மாவின் சமையலறைக் குழாயை மாற்றுவதற்காகப் போயிருந்தேன். தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன், மொரேனோ உள்ளே வந்தான். கழுத்தில் நிற்கப் போகிறவனுக்கு வேகமான துப்பாக்கி வேண்டும், அந்த இரண்டாம் மாடலை வாங்கலாமா, வைத்திருப்பவர் என்ன நினைக்கிறார் என்று கேட்க வந்தானாம். என்ன நெஞ்சழுத்தம். குறட்டோடு எழுந்திருக்கலாமா என்று யோசித்தேன்.

லோரியானோ அவனை உட்கார வைத்து, வில்மாவைக் காபி போடச் சொல்லி, துப்பாக்கியை எடுத்து வந்து மேஜையில் வைத்தான். அகலமான வாயைக் காட்டினான், கொக்கியைக் காட்டினான், பொத்தானைக் காட்டினான். எடையைச் சொன்னான், கீச்சிடும் வளையத்தைச் சொன்னான், மெழுகைச் சொன்னான், தோட்டாப் பெட்டியை எங்கே தட்ட வேண்டும் என்று தட்டிக் காட்டினான். தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. மொரேனோ பாதி நேரம் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு இருக்கு" என்றான் லோரியானோ. "பழைய மாடல்ல ஒரு குண்டு போனா கைய எடுத்து இழுக்கணும். இழுக்கிற நேரத்துல முன்னாடி என்ன இருக்குன்னு கண்ணு பார்த்துடும். இதுல அந்த நேரம் கெடையாது. வெரல் நெனச்சா போதும், போயிடும். அதனால நீயே நிறுத்திப் பார்த்துக்கணும். ஒன் நாயிங்க பன்னியோட ஒட்டிக்கிட்டே வருதுங்க."

மொரேனோ காபிக் கோப்பையைத் தூக்கினான், குடிக்கவில்லை, கீழே வைத்தான்.

"அண்ணே, அன்னிக்கு அவ எவ்வளவு கிட்ட இருந்தா?"

நான் தொட்டிக்கு அடியிலிருந்து வேகமாக எழுந்து தலையை இடித்துக்கொண்டேன். லோரியானோ துப்பாக்கியைத் துணியால் துடைத்துக்கொண்டே பதில் சொன்னான்.

"காதுல தொங்கிக்கிட்டு இருந்தா."

மொரேனோ தலையை ஆட்டினான். எழுந்து, வில்மாவிடம் காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, ஒரு வாய்கூடக் குடிக்காத காபியை விட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் போனதும் நான் குதித்தேன். தெரிந்திருக்கிறது அவனுக்கு! பெட்டியில் பார்த்துவிட்டுத்தான் பொய் சொல்லியிருக்கிறான்! இப்போதே போய் அசுவேரோ அண்ணனிடம் சொல்கிறேன் என்றேன். நீ சொல்லி எவன் நம்புவான், குழாயை முடி மாப்ள, தண்ணீர் சொட்டுகிறது என்றான் லோரியானோ. அவனுக்கும் வலித்தது. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை குடிசை வாசலில் எல்லோரும் கூடினோம். குளிரில் ஆளாளுக்குக் காலை உதைத்துக்கொண்டு நிற்கிறோம். அசுவேரோ அண்ணன் நிலைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். கழுத்து என்று சொல்லி மொரேனோவைப் பார்த்தார்.

மொரேனோ கையைத் தூக்கினான். முட்டி வலிக்கிறது, அவ்வளவு உயரம் ஏற முடியாது, ரோட்டோரத்திலேயே நின்றுகொள்கிறேன், கழுத்துக்கு லோரியானோ அண்ணன் போகட்டும் என்றான். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று எனக்கு மூச்சு வந்தது. கழுத்து திரும்பிவிட்டது, யாருக்கும் அவமானம் இல்லை, போதும். அசுவேரோ அண்ணன் தோளைக் குலுக்கினார். சரி, லோரியானோ, நீயே போ என்றார்.

லோரியானோ நகரவில்லை.

"முட்டி வலின்னா டாக்டர்கிட்ட போகட்டும்ணே. ஒருத்தன் முட்டிக்காக நான் கழுத்துக்குப் போக மாட்டேன்."

நான் அவன் விலாவில் இடித்தேன். ஏறுடா மேலே, கொடுக்கிறதை வாங்கிக்கொள் என்று காதில் சொன்னேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மொரேனோவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான், கோபமாகப் பார்க்கவில்லை, வளைவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு எதிரில் வருகிறவன் முதலில் போகட்டும் என்று காத்திருப்பானே, அந்த மாதிரி. நேரம் போய்க்கொண்டே இருந்தது. நாய்க்காரர்களின் வண்டிக்குள் நாய்கள் முனகிக்கொண்டிருந்தன. அசுவேரோ அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், அப்படியானால் கழுத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவேன் என்றார். லோரியானோவின் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஆனாலும் அசையவில்லை. முட்டாளே, முட்டாளே என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவ்வளவு ஆசைப்பட்ட இடம் கைக்கு வந்து போகிறது.

மொரேனோ தொப்பியைக் கழற்றினான்.

"முட்டியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றான். "நாய் இருந்துச்சு. சிக்னலும் இருந்துச்சு. பெட்டியில பார்த்தேன், பிரீனா கழுத்துலதான் இருந்தா. அவர் சுட்டிருந்தா இன்னிக்கு வண்டியில ரெண்டு நாய்தான் இருந்திருக்கும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. போன வாரம் பாதிரியாரைக் கூப்பிட்டவன் தன் பூட்ஸ் கயிற்றைக் குனிந்து கட்ட ஆரம்பித்தான். அசுவேரோ அண்ணன் மொரேனோவைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. முதலில் சொன்ன அதே குரலில், கழுத்து லோரியானோ என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது. லோரியானோ துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை வா என்று தலையசைத்தான். வண்டியைத் தாண்டும்போது நின்றான். கம்பிக்குள்ளே வெள்ளைத் திட்டு தெரிந்தது. மொரேனோ பக்கத்திலேயே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இவள இன்னிக்கு என் பக்கமே விடச் சொல்லு" என்று அவனிடம் சொல்லிவிட்டு, லோரியானோ மேலே ஏற ஆரம்பித்தான்.